சாட்சிக்கு ஒரு நட்சத்திரம்

அத்தியாயம் 6

"டானி, எனக்கு ஒரு சந்தேகம். ஒரு நட்சத்திரத்துக்கு சம்மன் அனுப்பணும்னா எந்த விலாசம் போடுறது?"

கேட்டுவிட்டு டென்ஸில் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினான். பக்கத்து இருக்கையில் இருந்த ராகெல் யாஃப்தா, தலை கூரையில் இடிக்காதபடி ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு, மறு கையால் காய்ந்த இறைச்சித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் மூத்த பெண் யாராக இருந்தாலும் 'டானி', அதாவது அத்தை.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடா. ரெண்டு கண்ணும் வானத்துல இருந்தா நமக்குத்தான் சம்மன் வரும்."

"நான் ரோட்டுலயா ஓட்டுறேன்? ரோடு இருந்த இடத்துல ஓட்டுறேன்."

பூமியின் தென்பாதியில் மே மாதம் குளிர்காலத் தொடக்கம்; குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக ஊசி போலக் குத்தியது. இரண்டு பக்கமும் கரூ சமவெளியின் பழுப்பு நிறப் புதர்கள். அவற்றை ஒட்டி நேராக, நூல் பிடித்த மாதிரி, ஆட்டு வேலி. அந்த வேலியில் பாதி, கூலிக்கு வேலி கட்டும் ஃப்ளோரிஸ் போட்டது. அதே வேலியின் ஓரத்தில்தான் ஃப்ளோரிஸ் செத்துக் கிடந்தான்.

சில நாள் முன்பு, சாயங்காலம் வேலை முடிந்து, கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தவனை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மறுநாள் காலையில் கம்பளி ஏற்றிப் போன லாரிக்காரன் பார்த்துச் சொன்னான். உடலைப் பரிசோதித்த டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார்: அடிபட்ட பிறகும் நெடுநேரம் உயிர் இருந்திருக்கிறது. அந்த ஒரு வரிதான் அவன் மனைவி லெட்டாவைத் தூங்கவிடவில்லை. அடித்தவன் யார் என்பதைவிட, அடித்தவன் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்பதுதான் அவளை அரித்தது.

இந்தப் பக்கம் கைப்பேசிக் கோபுரம் கிடையாது. பெரிய ரேடியோ தொலைநோக்கி வானத்தின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும் என்பதற்காக டோரிங்டல் ஊர் முழுக்க ரேடியோ மௌனம். ஆனால் வீட்டுக்கு வீடு கம்பி போன் இருக்கிறது. ஆம்புலன்ஸும் இருக்கிறது.

போலீஸ் கண்ணில் படாத ஒன்றை லெட்டாதான் புதரிலிருந்து பொறுக்கி வந்து ராகெலின் மேஜை மேல் வைத்தாள். பிறை வடிவத்தில் உடைந்த ஒரு கண்ணாடித் துண்டு. உருண்டையான பழைய காலத்து முன்விளக்கு. அந்த மாதிரி விளக்கு வைத்த வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: ஊரார் 'மேஸ்டர்' என்று அழைக்கும் வாத்தியார் யெரெமியாஸின் பச்சை நிற பெட்ரோல் பிக்கப்.

சார்ஜென்ட் மாலான் ஏற்கெனவே அங்கே போய் வந்துவிட்டார். "விளக்கை ஒரு மான் முட்டி உடைச்சிடுச்சாம். அந்த நேரத்துல மேஸ்டர் ஆண்டெனா பக்கத்துல நட்சத்திரம் கேட்டுக்கிட்டு இருந்தாராம். பதிவு வேற இருக்கு" என்று அவர் ராகெலிடம் விறைப்பாக நின்றபடி சொன்னார். அவருக்கு ஆறாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர் மேஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கும் அவர்தான் எடுத்தார்.

ராகெல் வெளியூர்க்காரி. கிம்பர்லியில் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவரோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, இங்கே மதுக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் துப்பறியும் நிலையம் வைத்தவள். அவள் உதவியாளன் டென்ஸில் உள்ளூர்க்காரன். பெரிய தொலைநோக்கியில், இடைஞ்சல் பிடிக்கும் குழுவில் இருந்தான். எந்தப் பண்ணையில் எந்த வெல்டிங் மெஷின் ரேடியோ இரைச்சல் கிளப்புகிறது என்று அலைந்து கண்டுபிடிப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. ஒரு நாள் தொலைநோக்கிக்கு மிக அருகிலேயே யாரோ திருட்டுத்தனமாக மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பதாகத் தகவல். குழு போய்க் கதவை உடைத்தபோது, உள்ளே கையில் சூடான கறி பஃப்புடன் நின்றது டென்ஸில்.

"அது ரொம்ப நல்ல பஃப் டானி. அதுக்காக வேலை போனது தகும்" என்பான்.

மேஸ்டரின் வீடு மேட்டில் தனியாக இருந்தது. முன்பக்கம் பச்சை பிக்கப். இடது விளக்கு இருந்த இடத்தில் புதுக் கண்ணாடி பளபளத்தது. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், ஆண்டெனா. ஒரு நீளமான அலுமினியக் குழாயில் குறுக்கே குறுக்கே கம்பிகள்.

"என்ன மேஸ்டர், திமிங்கலத்தைச் சாப்பிட்டுட்டு முள்ளை நட்டு வெச்சிருக்கீங்க?" என்றான் டென்ஸில்.

மேஸ்டர் யெரெமியாஸ் சிரிக்கவில்லை. உயரமான, ஒல்லியான மனிதர். கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார். "உன் வாய் எட்டாத தூரம் இதுக்கு எட்டும். வா, கிட்ட வந்து பாரு."

ராகெலுக்கு அவர் விளக்கிச் சொன்னார். தெற்கு வானத்தில், பாய்மரம் என்று பெயர் வைத்த நட்சத்திரக் கூட்டத்தில், செத்துப்போன ஒரு நட்சத்திரம் இருக்கிறது. செத்தும் சும்மா கிடக்கவில்லை. நொடிக்குப் பதினோரு தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் கலங்கரை விளக்கம் போல நம் பக்கம் ஒரு ரேடியோ வீச்சு.

"பெரிய தொலைநோக்கிக்கு அது டமாரச் சத்தம். இந்தக் கம்பிக்கு அது கேக்கவே கேக்காது. சந்தைக் கூச்சல்ல ஒருத்தன் ஒரே தாளத்துல விரலைச் சொடுக்கிக்கிட்டே இருக்கான்னு வெச்சுக்க. ஒரு சொடுக்கு உன் காதுல விழாது. ஆயிரக்கணக்கான சொடுக்கை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா? கூச்சல் தாறுமாறு, அது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். தாளம் மட்டும் மேல எழும்பி நிக்கும். கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன மேடு மாதிரி தெரியும். அந்த மேட்டைப் பாக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

"நட்சத்திரம் நகருமே?" என்றாள் ராகெல்.

"நகரும். மோட்டார் வாங்க வசதி இல்ல. அது நகர நகர நான் இதைக் கையால தள்ளிக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா, அது நம்ம பார்வையை விட்டு விலகிப் போயிடும். மேடு கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சிடும்."

"அன்னிக்குச் சாயங்காலமும் தள்ளிக்கிட்டுதான் இருந்தீங்களா?"

"ஆமா."

"நடுவுல எங்கயும் போகலை?"

"அதான் சொன்னேனே. போனா மேடு சரிஞ்சிடும்."

அப்போது அவர் மனைவி சோஃபி ஒரு தட்டில் கோப்பைகளோடு வந்தாள். வெள்ளை முடியை அழகாகப் பின்னிக் கட்டியிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. டென்ஸில் ஒரு வாய் குடித்துவிட்டு விழித்தான். கோப்பையில் வெந்நீரும் பாலும் மட்டும் இருந்தன. தேயிலை இல்லை. மேஸ்டர் அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவன் மறுபேச்சு பேசாமல் முழுவதையும் குடித்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு டானி சோஃபி."

"இன்னொண்ணு தரட்டுமா ராசா?"

"ஐயோ, ஒண்ணே வயித்தைக் கழுவி விட்ட மாதிரி இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மேஸ்டர் அச்சடித்த படம் ஒன்றை நீட்டினார். நேர்க்கோட்டில் கூர்மையாக ஒரு சின்ன மேடு. ராகெல் அதைத் தொடவில்லை.

"படம் வேண்டாம் மேஸ்டர். அன்னிக்கு எடுத்த பதிவு முழுசா வேணும். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்."

மேஸ்டர் ஆண்டெனாவைப் பார்த்தார். பிறகு சோஃபி போன கதவைப் பார்த்தார். "சரி" என்று உள்ளே போனார். ஒரு பென்டிரைவை எடுத்து வர ஆகும் நேரத்தைவிட நிறையவே ஆனது. திரும்பி வந்து ராகெலின் உள்ளங்கையில் அதை வைத்தபோது அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"முழுசா இருக்கு" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் டென்ஸில் பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினான். "டானி, இதுல தேதி அன்னிக்குன்னுதான் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் தேதி என்ன, கோவில் மணியா? ஒரு விரலால மாத்திடலாம். போன மாசம் எடுத்த பதிவை அன்னிக்கு எடுத்ததுன்னு குடுத்திருந்தா?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன்" என்றாள் ராகெல். "கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாத்தலாம். நட்சத்திரத்தோட கடிகாரத்தை மாத்த முடியுமா?"

டென்ஸில் அவளைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

பெரிய தொலைநோக்கியில் டாக்டர் தாண்டேகா என்று ஒரு பெண் விஞ்ஞானி. டென்ஸிலை வேலையை விட்டு அனுப்பியபோது அழுத ஒரே ஆள். அந்தப் பஃப்பில் பாதி அவளுக்காகச் சுட வைத்தது. அவள் போனில் விளக்கினாள். அந்த நட்சத்திரம் நாளுக்கு நாள் துளித்துளியாக வேகம் குறைகிறது. அதோடு பூமியும் அதை நோக்கிப் போவதும் விலகி வருவதுமாக இருக்கிறது. அதனால் இங்கே வந்து சேரும் தாளம் இன்றைக்கு இருப்பது போல நாளைக்கு இருக்காது. பதிவில் இருக்கும் தாளத்தை அளந்தால், அது எந்த நாளில் எடுத்தது என்று நட்சத்திரமே சொல்லிவிடும்.

"அனுப்பு. பார்த்துச் சொல்றேன்."

போனுக்காகக் காத்திருந்த நேரத்தில் டென்ஸில் கைவிலங்கு மாட்டுவது போல இரண்டு தடவை ஒத்திகை பார்த்தான். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தான். கேட்டான். முகம் விழுந்தது.

"அதே நாள்தானாம். அதே சாயங்காலமாம். அடிச்சுச் சொல்றா." போனை வைத்தான். "போச்சு டானி. கேஸே போச்சு. உலகத்துலயே ரொம்ப நல்ல சாட்சியை எதிர்க்கட்சிக்காரன் வெச்சிருக்கான். குறுக்கு விசாரணை பண்ணலாம்னா, அங்க போய்ச் சேர ராக்கெட் டிக்கெட்டுக்கு யார் காசு குடுப்பா?"

ராகெல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். "சாட்சி பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுபோச்சு. நல்லதுதானே? அப்ப அது என்னென்ன சொல்லியிருக்குன்னு முழுசா கேப்போம். போடு."

பதிவு ஒரு படமாகத் திரையில் விரிந்தது. இடமிருந்து வலமாக நேரம். டென்ஸில் கூச்சலை ஒவ்வொரு துண்டாக அடுக்கி, ஒவ்வொரு துண்டிலும் மேடு எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டே வந்தான். திடீரென்று அவன் விரல் நின்றது.

"இது என்ன முள்ளு?"

"எது?"

"இந்த இடத்துல பாருங்க. பட்டாசுச் சரம் மாதிரி நெருக்கமா. முதல்ல உசரமா இருக்கு, அப்புறம் சின்னதாகிச் சின்னதாகி மறைஞ்சு போகுது." அவன் குரலில் பழைய வேலையின் மிடுக்கு வந்துவிட்டது. "டானி, இது எனக்குத் தெரிஞ்ச ஆளு. இவனைத் தேடித்தான் நான் நாலு வருஷம் பண்ணை பண்ணையா அலைஞ்சேன். ஸ்பார்க் பிளக்! பழைய பெட்ரோல் எஞ்சின்ல பிளக் ஒவ்வொரு தடவை பொறி விடும்போதும் ரேடியோவுல ஒரு முள்ளு குத்தும். டீசல் வண்டியில பிளக்கே கிடையாது. அதனாலதான் தொலைநோக்கிப் பக்கம் டீசல் வண்டி மட்டும் விடுறாங்க."

"பச்சை பிக்கப்."

"அதேதான். கிளம்புது, தூரமாப் போகுது, மறையுது. கொஞ்ச நேரம் கழிச்சு..." விரல் நகர்ந்தது. "இதோ, திரும்பி வருது. நிக்குது. ஃப்ளோரிஸ் அடிபட்ட நேரம் இதுதான். மாட்டிக்கிட்டார் மேஸ்டர்!"

அவன் மேஜையில் ஓங்கிக் குத்தினான். ராகெல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடு எப்படி இருக்கு?"

"என்ன?"

"வண்டி வெளியில இருந்த நேரத்துல, நட்சத்திரத்தோட மேடு சரிஞ்சிருக்கா?"

டென்ஸில் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். "இல்ல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. உண்மையைச் சொன்னா, பதிவுலயே ரொம்ப அழகான பகுதி இதுதான்." அவன் குரல் இறங்கியது. "அப்ப மேஸ்டர் இங்க ஆண்டெனாவைத் தள்ளிக்கிட்டு இருக்கார். வண்டி அங்க ஓடுது. வண்டி என்ன மேய்ச்சலுக்கா தனியாப் போச்சு?"

"அந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க."

டென்ஸில் திரையிலிருந்து கையை எடுத்தான். "டானி... அவங்க எனக்குத் தேயிலை போடாம டீ குடுத்தவங்க."

"தேயிலையை மனசு மறந்துடும். கிளட்ச்சைக் கால் மறக்காது." ராகெல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "மேல போ. இன்னும் பதிவு இருக்கே."

இருந்தது. வண்டி திரும்பி வந்து சிறிது நேரத்தில் மறுபடியும் முட்கள். மறுபடியும் வண்டி கிளம்பியிருக்கிறது. மறுபடியும் மறைந்திருக்கிறது. இந்த முறை, ஆணி அடித்தது போல நின்ற மேடு மெல்ல மெல்லச் சரியத் தொடங்கியது. சரிந்து, தேய்ந்து, கடைசியில் வெறும் கூச்சல் மட்டும் மிஞ்சியது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் முட்கள் திரும்பி வந்தன.

"ரெண்டாவது தடவை ஆண்டெனாவைத் தள்ள ஆள் இல்ல" என்றான் டென்ஸில்.

"ஆமா. ரெண்டாவது தடவை ஓட்டினது அவர்."

"என்ன ஆச்சுன்னு பாக்கப் போயிருக்கார். பார்த்துட்டு வந்திருக்கார். ஆனா இவ்வளவு நேரம்... அங்க என்ன பண்ணார்?"

"அதை நட்சத்திரம் சொல்லாது."

வாசல் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். கதவில் லெட்டா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஃப்ளோரிஸின் பழைய கோட்டைப் போட்டிருந்தாள். தோள் இரண்டும் தொங்கின.

"நானும் வரேன்" என்றாள்.

"லெட்டா, நீ வீட்டுக்குப் போம்மா. நான் பேசிட்டு..."

"நீங்க அவர்கிட்ட நூறு கேள்வி கேப்பீங்க டானி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அதை நானே கேக்கறேன்."

ராகெல் சார்ஜென்ட் மாலானுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் "மேஸ்டரா..." என்று மட்டும் வந்தது. பிறகு, "நான் வரேன். ஆனா எனக்கு முன்னாடி நீங்க போங்க" என்றார் அவர்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது அவர்கள் மேஸ்டரின் முற்றத்தில் இறங்கினார்கள். அவர் ஆண்டெனா பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஆண்டெனா எதையும் நோக்கித் திரும்பியிருக்கவில்லை. லெட்டாவைப் பார்த்ததும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

ராகெல் சுற்றி வளைக்கவில்லை. "வண்டி ரெண்டு தடவை போயிருக்கு மேஸ்டர். முதல் தடவை நீங்க இங்கதான் இருந்தீங்க."

அவர் தலையாட்டினார். தலையாட்டிய விதத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சு" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். கேட்டுச்சு. அவ அடிக்கடி வண்டியில ஏறி உக்காந்துக்குவா. சாவியைத் திருப்புவா, சத்தம் கேட்டுச் சிரிப்பா, இறங்கிடுவா. அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அந்த நேரத்துல மேடு எழும்பிக்கிட்டு இருந்துச்சு. மூணு வருஷத்துல அவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல. கையை எடுத்தா போயிடும். ஒரு நிமிஷம் கழிச்சுப் போய்ப் பாக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு நிமிஷம்." தொப்பியை விரல்களால் சுற்றினார். "திரும்பி வந்து, 'யெரெமி, ஒரு ஆட்டை இடிச்சிட்டேன்'னு சொன்னா. விளக்கு உடைஞ்சிருந்துச்சு. அவளைத் தனியா விட பயம். பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுப் போனேன். ஆடு இல்ல."

லெட்டா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அவருக்கு உசிரு இருந்துச்சா மேஸ்டர்?"

"இல்லம்மா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மூச்சு இல்ல. இருந்திருந்தா நான் விட்டுட்டு வந்திருப்பேனா? அவன் என்கிட்ட படிச்ச பையன் லெட்டா."

"டாக்டர் வேற மாதிரி எழுதியிருக்கார்" என்றாள் ராகெல்.

"டாக்டர் அங்க இல்ல. நான் இருந்தேன்."

"ரொம்ப நேரம் இருந்திருக்கீங்க. மேடு முழுசா சரியற வரைக்கும். செத்தவன் பக்கத்துல அவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"ஜெபம் பண்ணேன்."

ஜெபத்தை மறுக்க என்ன ஆதாரம் காட்டுவது? போலீஸில் இருந்த காலத்தில் பொய் சொல்பவனை நாலு கேள்வியில் மடக்கியவள் ராகெல். இங்கே அவள் கையில் இருந்ததெல்லாம் ஒரு போதலும் ஒரு திரும்பி வருதலும், நடுவில் ஒரு நீண்ட வெறுமையும்தான்.

"சோஃபியை ஆஸ்பத்திரியில போட்டுப் பூட்டிடுவாங்க" என்றார் மேஸ்டர், யாரிடமும் இல்லாமல். "அங்க அவளுக்கு யாரையும் தெரியாது. என்னை மட்டும்தான் இன்னும் தெரியும். அதான் யார்கிட்டயும் சொல்லலை. செத்தவனுக்கு இனிமே யார் வந்து என்ன ஆகப் போகுது?"

"அப்புறம் ஏன் பதிவை முழுசா குடுத்தீங்க?" என்றான் டென்ஸில். அவனுக்கே தாங்கவில்லை. "பின்னாடி பாதியை வெட்டிட்டுக் குடுத்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே."

"வெட்டத்தான் உள்ள போனேன். கை வரலை."

லெட்டா அவரைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு தோளில் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "சத்தியமா சொல்லுங்க மேஸ்டர். அவர் கஷ்டப்படலைன்னு. எனக்கு அது போதும். கேஸ் என்ன ஆனாலும் எனக்கு வேண்டாம்."

மேஸ்டர் வலது கையைத் தூக்கினார். "சத்தியமா."

லெட்டாவின் முகம் தளர்ந்தது. ஃப்ளோரிஸ் செத்த பிறகு முதல் தடவையாக அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், நின்றபடியே.

சமையலறைக் கதவு திறந்தது. சோஃபி ஒரு பூசணிக்காயை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். அழுகிற பெண்ணைப் பார்த்ததும் பூசணிக்காயை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னடி கண்ணு? யாரு என்ன சொன்னா உன்னை?"

லெட்டா விறைத்துப் போனாள். தன் புருஷனை அடித்துப் போட்ட கைகள் இப்போது அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தன. அவளால் அந்தக் கைகளை உதறவும் முடியவில்லை, அவற்றுக்குள் நிற்கவும் முடியவில்லை.

சோஃபி கோட்டின் கைப்பகுதியைத் தொட்டுப் பார்த்தாள். தடித்த துணி. பல இடங்களில் முள்கம்பி கிழித்த தையல். அவள் கண்கள் சுருங்கின. கணவன் பக்கம் திரும்பினாள்.

"யெரெமி, ரோட்டு ஓரமா படுத்திருந்தானே அந்தப் பையன். தண்ணி வேணும், தண்ணி வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தானே. நீ அவனுக்குக் குடுத்தியா, இல்லையா?"

லெட்டா தலையைத் தூக்கினாள்.

"உள்ள போ சோஃபி" என்றார் மேஸ்டர்.

"நான் அப்பவே சொன்னேனே, வண்டியில கேன் இருக்குன்னு. நீ கதவைச் சாத்திட்டே. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே, ஆனா தண்ணி குடுக்கலை. ஏன் யெரெமி?"

"அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எங்கயோ எப்பவோ நடந்ததை எல்லாம் சேர்த்து..." என்றார் மேஸ்டர். தூக்கியிருந்த கை எப்போதோ கீழே இறங்கிவிட்டிருந்தது. அவர் பெட்டியின் மேல் உட்காரப் போனவர், இடம் தவறித் தரையில் உட்கார்ந்தார். எழ முயலவில்லை.

ராகெலுக்கு இந்த வழக்கு எப்படிப் போகும் என்று அந்தக் கணமே தெரிந்தது. பின்னால் அப்படியேதான் போகவும் செய்தது. வண்டி ஓட்டியவள் மேல் குற்றம் சாட்ட முடியாது என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சோஃபியைத் தூரத்து ஊரில் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். விபத்தை மறைத்ததற்காக மேஸ்டருக்குச் சிறு தண்டனை. தண்ணீர் கேட்டவன் விஷயம் கோர்ட்டுக்கு வரவே இல்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத ஒரு பெண்ணின் பேச்சை எந்த நீதிபதியும் எழுதிக்கொள்ளச் சொல்ல மாட்டார்.

தூரத்தில் சார்ஜென்டின் வண்டி கிளப்பிய புழுதி தெரிந்தது.

லெட்டாவுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. அவள் சோஃபியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். பற்றிய பிடியில் அந்த மெலிந்த விரல்கள் வெளுத்தன.

"டானி, என்னைப் பாருங்க. அவர் பேசினாரா? தண்ணியைத் தவிர வேற என்ன சொன்னார்? ஏதாவது பேர் சொன்னாரா?"

சோஃபி அவள் முகத்தை ஆசையோடு பார்த்தாள். யோசித்தாள். உண்மையாகவே, உதடுகளை அசைத்து, எங்கோ எட்டிப் பிடிக்கப் போவது போல யோசித்தாள். டென்ஸில் தன்னையறியாமல் ராகெலின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"யாரும்மா?" என்றாள் சோஃபி.

"ஃப்ளோரிஸ். ரோட்டுல படுத்திருந்தவர். இப்பச் சொன்னீங்களே."

"அப்படியா?" என்று சிரித்தாள் அவள். "எனக்கு அந்தப் பேர்ல யாரையும் தெரியாதே கண்ணு."

லெட்டா கையை விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.